பத்தாக்கு: படுக்கையருகே ஆடும் கூட்டல் சீட்டு விளையாட்டு

இரத்தம் ஏற்றும் நாள் ஒரு குழந்தைக்கு நீண்ட நாள். கடுமையான தலசீமியா உள்ள குழந்தைகள் பொதுவாக இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்றனர். ஒரு பை இரத்தம் ஏறி முடிய நான்கு மணி நேரம் வரை ஆகலாம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் குழந்தையும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் இயந்திரத்தின் அருகே இருக்க வேண்டியிருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையோ பல குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகளையும் தாண்டிச் செல்கிறது. இந்த நேரத்தின் பெரும்பகுதி, பள்ளியில் கழிய வேண்டிய நேரம்.

வகுப்பில் கூட்டல் நடந்த வாரத்தில் வராத குழந்தை, கழித்தல் நடக்கும் வாரத்தில் திகைத்து உட்கார்ந்திருக்கிறது. இப்படிச் சில மாதங்கள் சென்றால், "எனக்குக் கணக்கு வராது" என்று தானே ஒரு தீர்ப்பை எழுதிக்கொள்கிறது. குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் நாங்கள் இந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அக்குழந்தைகளுக்குக் குறைந்துபோனது அறிவு அன்று. பழகும் வாய்ப்பு மட்டுமே.

அந்த வாய்ப்பைப் படுக்கையருகே ஏற்படுத்தித் தரும் எளிய விளையாட்டு ஒன்றை இந்த இதழில் கற்றுத் தருகிறோம். எண்களை ஒன்று முதல் பத்து வரை சொல்லத் தெரிந்த ஐந்து, ஆறு வயதுக் குழந்தை இதை ஆடலாம். உடன் ஆடுபவர் அதிகம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஏனெனில் விடை சரியா என்பதை இந்த விளையாட்டில் எவரும் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. சீட்டுக்கட்டே அதைச் சொல்லிவிடும். எப்படி என்பதைப் பின்னர் விளக்குகிறோம்.

சீட்டுக்கட்டைப் பற்றிய தயக்கம்

"ஆஸ்பத்திரியிலே குழந்தை கையில் சீட்டுக்கட்டா?" என்று ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. சீட்டால் நொடித்துப்போன குடும்பத்தை அறியாத ஊர் நம்மிடையே அரிது. ஆனால் இந்த விளையாட்டில் பணமோ பந்தயமோ கிடையாது. ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டுகளும் கிடையா. எஞ்சுவன வெறும் எண்கள்.

அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் சீட்டுகளைத் தாமே செய்துகொள்ளலாம். புதிய, தூய அட்டையை ஒரே அளவில் 36 துண்டுகளாக வெட்டுங்கள். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண் ஒவ்வொன்றையும் நான்கு அட்டைகளில் எழுதுங்கள். எண்ணுக்குக் கீழே அத்தனை புள்ளிகளையும் இடுங்கள். புள்ளிகளை விட்டுவிட வேண்டாம். கூட்டல் இன்னும் கைவராத குழந்தைக்கு அவையே துணை. அந்தப் பாட்டி செய்த கட்டில் புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறு கோலப்பூக்கள் இருந்தன.

கட்டை ஆயத்தம் செய்தல்

கடையில் வாங்கும் கட்டில் ஜோக்கர்களை நீக்கினால் 52 சீட்டுகள் இருக்கும். அவற்றிலிருந்து ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய 12 சீட்டுகளை எடுத்துவிடுங்கள். பிறகு 10 என்று எண்ணிட்ட நான்கு சீட்டுகளையும் எடுத்துவிடுங்கள். மீதம் 36 சீட்டுகள். 'ஏ' என்று அச்சிட்ட ஏஸ் சீட்டு இந்த விளையாட்டில் ஒன்று எனக் கொள்ளப்படும். ஆக, ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணிலும் நான்கு சீட்டுகள் இருக்கும். இஸ்பேட்டா, டைமண்டா என்று வகை பார்க்க வேண்டியதில்லை.

தூய்மை

சிகிச்சையால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ள குழந்தைகள் நம் பிரிவில் இருக்கின்றனர். ஆகவே கீழ்க்காண்பனவற்றைத் தவறாமல் பின்பற்ற வேண்டுகிறோம்.

• ஒரு குழந்தைக்கு ஒரு கட்டு. அடுத்த படுக்கைக் குழந்தையின் கட்டை இரவல் வாங்க வேண்டாம்.
• துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் சீட்டுகளே நல்லவை. காகிதச் சீட்டு அழுக்கானால் அதை எறிந்துவிட்டு வேறு கட்டைப் பயன்படுத்துங்கள்.
• ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், ஆடும் அனைவரும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.
• தரையில் விழுந்த சீட்டைத் துடைத்த பிறகே மீண்டும் சேர்க்க வேண்டும். எதனால் துடைப்பது என்பதைச் செவிலியரிடம் கேளுங்கள்.
• தனியறையில் உள்ள குழந்தையின் கட்டு அந்த அறையிலேயே இருக்கட்டும்.

ஆடும் முறை

இருவர் ஆடுவதாகக் கொள்வோம்: ஒரு குழந்தை, ஓர் அம்மா.

1. சீட்டுகளைக் கலைத்துப் போடுங்கள். ஊசிக்குழாய் பொருத்திய கையால் குழந்தை கலைக்க வேண்டாம். அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.

2. படுக்கை மேசையின் மீது 12 சீட்டுகளை முகம் தெரியும்படி மூன்று வரிசையாகப் பரப்புங்கள். மற்றவற்றைக் கவிழ்த்துக் குவியலாக ஓரமாய் வையுங்கள். சீட்டுகள் மேசையிலேயே இருப்பதால், ஒரு கையை அசைக்க முடியாத குழந்தையும் வருத்தமின்றி ஆடலாம்.

3. முதல் முறை குழந்தையுடையது. கூட்டினால் பத்து வரும் இரு சீட்டுகளைத் தேடி, "எட்டும் இரண்டும் பத்து" என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. காலியான இரு இடங்களையும் குவியலிலிருந்து நிரப்புங்கள். அடுத்த முறை உங்களுடையது.

5. பரப்பிய சீட்டுகளில் பத்தாகும் ஜோடி எதுவும் இல்லையென்றால், குவியலிலிருந்து மேலும் மூன்று சீட்டுகளைப் போடுங்கள்.

6. குவியல் தீர்ந்து, மேசையும் காலியானால் ஆட்டம் முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு: மேசையில் முதல் வரிசையில் 3, 8, 1, 5, இரண்டாம் வரிசையில் 6, 2, 9, 4, மூன்றாம் வரிசையில் 7, 5, 3, 8 ஆகிய சீட்டுகள் கிடக்கின்றன என்க. குழந்தை 8ஐயும் 2ஐயும் எடுக்கலாம். 6ஐயும் 4ஐயும் எடுக்கலாம். 9ஐயும் 1ஐயும் எடுக்கலாம். இரண்டு ஐந்துகளும் ஒரு ஜோடியே. எதை முதலில் எடுப்பது என்பது குழந்தையின் விருப்பம். ஊசி எப்போது, உணவு எப்போது, உறக்கம் எப்போது என்று எல்லாவற்றையும் பிறரே தீர்மானிக்கும் ஒரு நாளில், அந்தச் சிறு விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. ஆகவே, "இதோ இங்கே இருக்கிறதே" என்று நாம் விரல் நீட்டாமல் காத்திருப்பது நன்று.

பத்து ஏன்?

நாம் எண்களை எழுதுவது பத்தின் அடுக்குகளாகத்தான். பதினொன்று, பதினைந்து என்னும் தமிழ்ச் சொற்களிலேயே பத்தும் ஒன்றும், பத்தும் ஐந்தும் சேர்ந்திருப்பதைக் காணலாம். பத்தாகும் ஜோடிகள் ஐந்தே ஐந்து: ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும், ஐந்தும் ஐந்தும். இந்த ஐந்தும் விரல்விட்டு எண்ணாமலேயே நினைவுக்கு வந்துவிட்டால், பத்தைத் தாண்டும் கூட்டல்கள் எளிதாகின்றன.

8உடன் 6ஐக் கூட்ட வேண்டும் என்க. எட்டைப் பத்தாக்க இரண்டு வேண்டும். ஆறிலிருந்து அந்த இரண்டைக் கொடுத்தால் நான்கு மிஞ்சும். பத்தும் நான்கும் பதினான்கு. கடையில் சில்லறையை மனத்திலேயே கணக்கிடும் பலர் அறியாமலேயே பின்பற்றும் வழி இதுவே.

குழந்தைகள் இந்த இடத்துக்குப் படிப்படியாகத்தான் வந்து சேர்கின்றனர். முதலில் இரு சீட்டுகளிலும் உள்ள எல்லாப் புள்ளிகளையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். பிறகு ஏழு என்று சொல்லி, அதற்கு மேல் எட்டு, ஒன்பது, பத்து என்று தொடர்வார்கள். அதன் பின்னரே எண்ணாமல் விடை சொல்வார்கள். உங்கள் குழந்தை எந்தப் படியில் நின்றாலும் அங்கிருந்தே ஆடட்டும். விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். தேவை தீர்ந்ததும் விரல்கள் தாமே ஓய்ந்துவிடும்.

கட்டே கணக்குப் பார்க்கிறது

இனி, முன்பு சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறோம்.

இந்தக் கட்டில் நான்கு ஒன்றுகளுக்கு நான்கு ஒன்பதுகள் துணை. நான்கு இரண்டுகளுக்கு நான்கு எட்டுகள், மூன்றுகளுக்கு ஏழுகள், நான்குகளுக்கு ஆறுகள். நான்கு ஐந்துகளும் தமக்குள் இரு ஜோடிகளாகின்றன. மொத்தம் 18 ஜோடிகள். எந்த வரிசையில் எடுத்தாலும், ஒவ்வொரு ஜோடியும் பத்தாக இருந்தால், இறுதியில் ஒரு சீட்டும் மிஞ்சாது. மிஞ்சினால் எங்கோ ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

குழந்தை அவசரத்தில் 6ஐயும் 3ஐயும் ஜோடியாக எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தின் முடிவில் 4உம் 7உம் மேசையில் தனித்து நிற்கும். கூட்டினால் 11. "ஒன்று கூடுதலாக இருக்கிறதே. அப்படியானால் வேறெங்கோ ஒன்று குறைந்திருக்குமோ?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தை தன் ஜோடிகளைப் புரட்டி 6ஐயும் 3ஐயும் கண்டுபிடிக்கும். 6ஐ 4உடனும், 3ஐ 7உடனும் மாற்றி வைக்கும். தன் தவற்றைத் தானே கண்டு, தானே திருத்திய மகிழ்ச்சி அதன் முகத்தில் தெரியும்.

ஒரே ஒரு சீட்டு மிஞ்சினால் அதன் துணைச்சீட்டு தொலைந்திருக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒருமுறை ஆட்டம் முடிந்து ஒரு 2 மட்டும் தனியே நின்றது. "கணக்கு வராது" என்று பல வாரங்களாகச் சொல்லிவந்த எட்டு வயதுச் சிறுமி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு எட்டைக் காணோம்" என்றாள். படுக்கை விரிப்பை உதறினோம். தலையணை உறையைப் பார்த்தோம். கடைசியில் படுக்கையின் சக்கரத்தருகே அந்த எட்டு கிடந்தது. கண்ணால் காணாத ஒரு சீட்டின் எண்ணை அவள் சொல்லியிருந்தாள். கணக்கு என்பது அதுதான் என்று அவளிடம் கூறினோம். அதன் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை.

அவளுடன் ஆடியவர் அவளுடைய தாயார். தாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்றும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தமக்குத் தகுதியில்லை என்றும் முதல் நாள் அவர் தயங்கினார். தகுதிக்கு இங்கே இடமே இல்லை. அருகில் அமர்ந்து, தமது முறை வரும்போது ஒரு ஜோடியை எடுக்க முடிந்தால் போதும்.

நாங்கள் செய்த ஒரு பிழை

தொடக்கத்தில் இந்த விளையாட்டை நாங்கள் சரியாக நடத்தவில்லை. சுவரில் ஓர் அட்டவணை ஒட்டி, யார் எத்தனை ஜோடி எடுத்தார் என்று நட்சத்திரங்கள் இட்டோம். ஊக்கமளிக்கும் என்று எண்ணினோம். கடுமையான மருந்து ஏறிய நாள்களில் ஒரு சிறுவனுக்கு நட்சத்திரங்கள் குறைந்தன. அவன் அட்டவணை இருந்த பக்கமே திரும்பாமல் படுத்துக்கொண்டான். "உடம்பு முடியாததைக்கூட அவன் தோல்வியா எடுத்துக்கிறான்" என்று அவனுடைய அம்மா எங்களிடம் சொன்னார். அன்றே அட்டவணையை எடுத்துவிட்டோம்.

இப்போது யார் எத்தனை என்று எண்ணுவதில்லை. இருவர் எடுத்ததையும் சேர்த்து எண்ணுகிறோம். 18 வந்தால் இருவரும் வென்றோம். பெற்றோரும் அவ்வாறே செய்ய வேண்டுகிறோம். பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒப்பிடுவதையும், "வேகமாகச் சொல்" என்று முடுக்குவதையும் தவிர்ப்பது நலம்.

அடுத்த நிலை: கேட்டு வாங்குதல்

ஐந்து ஜோடிகளும் நன்கு பழகிய பின் இதை ஆடலாம். ஆளுக்கு ஐந்து சீட்டுகள் கொடுத்து, மீதியைக் குவியலாக வையுங்கள். தம் கையிலேயே பத்தாகும் ஜோடி இருந்தால் ஒவ்வொருவரும் அதைக் கீழே வைக்கலாம். பிறகு, தம்மிடம் உள்ள ஒரு சீட்டுக்கு எது துணை என்று மனத்தில் கணக்கிட்டுக் கேட்க வேண்டும். கையில் 7 வைத்திருக்கும் குழந்தை, "அம்மா, உங்ககிட்ட மூணு இருக்கா?" என்று கேட்கும். இருந்தால் கொடுத்துவிட வேண்டும். குழந்தை ஜோடியைக் கீழே வைத்து மீண்டும் கேட்கலாம். இல்லையென்றால் குவியலிலிருந்து ஒரு சீட்டை எடுக்கும், முறை மாறும். கைச்சீட்டுகள் தீர்ந்தவர் குவியலிலிருந்து ஐந்து எடுத்துத் தொடரலாம். இதிலும் முடிவில் 18 ஜோடிகள் அமைய வேண்டும்.

இந்த ஆட்டத்தில் கூட்டலோடு நினைவாற்றலும் பழகுகிறது. அம்மா 3 கேட்டால், அவர் கையில் 7 இருக்கிறது என்று குழந்தை ஊகித்துக்கொள்ளும். அடுத்த முறை தனக்கு 3 கிடைத்தால் அந்த 7ஐக் கேட்டு வாங்கிவிடும். ஒரு கையால் சீட்டுகளைப் பிடிக்க முடியாத குழந்தைக்கு, மூடிய புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே சீட்டுகளைச் செருகி நிறுத்திக் கொடுக்கலாம்.

மூத்த குழந்தைகளுக்கு

ஆளுக்கு 18 சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். இருவரும் இரண்டிரண்டு சீட்டுகளைத் திருப்பி, அவரவர் கூட்டுத்தொகையைச் சொல்ல வேண்டும். தொகை பெரியதாக உள்ளவர் நான்கு சீட்டுகளையும் எடுத்துக்கொள்வார். சமமானால், அடுத்த சுற்றில் வெல்பவர் அவற்றையும் சேர்த்து எடுப்பார். ஒன்பது சுற்றுகளில் ஆட்டம் முடியும். இருவரும் சொன்ன 18 தொகைகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினால் 180 வர வேண்டும். வராவிட்டால், பிழை எங்கே என்று இருவரும் சேர்ந்து தேடலாம்.

நிறுத்த வேண்டிய நேரம்

ஒரு முழு ஆட்டத்துக்குக் குழந்தையின் உடல் இடங்கொடுக்காத நாள்களும் உண்டு. மருந்தால் குமட்டல் வரலாம், உறக்கம் குறைந்திருக்கலாம், நேற்றுத் தெரிந்த ஜோடி இன்று நினைவுக்கு வராமல் போகலாம். அந்நாள்களில் 36 சீட்டுகளுக்குப் பதிலாக ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு வரிசையும், கூடுதலாக ஓர் ஐந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சீட்டுகள், ஐந்தே ஜோடிகள். அதுவும் முழுமையான ஓர் ஆட்டமே. அதற்கும் மனமில்லையென்றால் கட்டை மூடி வைத்துவிடுங்கள். இது வீட்டுப்பாடமாக மாறிவிட்டால் குழந்தை இதையும் வெறுக்கும்.

இன்னொன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது குழந்தைக்குக் குளிர், நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல், மார்பு வலி, முதுகு வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், இதுவரை கலகலப்பாக ஆடிய குழந்தை திடீரெனச் சோர்ந்து அமைதியானாலும், சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டு உடனே செவிலியரை அழையுங்கள். "ஆட்டம் முடியட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். எதிரே அமர்ந்து முகம் பார்த்து ஆடுவதால், இத்தகைய மாற்றம் உங்கள் கண்ணுக்கே முதலில் படலாம்.

வீட்டிலும் பள்ளியிலும்

வீட்டில் இருக்கும் அண்ணனோ தங்கையோ இந்த விளையாட்டில் சேர்ந்துகொள்ளட்டும். மருத்துவமனை நாள்களில் பெற்றோரைப் பிரிந்திருந்த அவர்களுக்கும் ஒரு மாலைப்பொழுது கிடைக்கும். கை கழுவிய பின், சளியோ காய்ச்சலோ இல்லாதவர்கள் மட்டுமே ஆட வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் சீட்டு அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயில் வைத்துவிடும்.

பள்ளிக்குத் திரும்பும் நாளில், குழந்தை எதுவரை அறிந்திருக்கிறது என்பதை ஆசிரியரிடம் கூறுங்கள். "பத்தாகும் ஜோடிகள் தெரியும், பத்தைத் தாண்டும் கூட்டல் இப்போது பழகிவருகிறது" என்று ஒரு வரி சொன்னால், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெளிவாகும். இடைவேளையில் இந்த ஆட்டத்தை நண்பர்களுக்குக் கற்றுத் தருமாறு குழந்தையிடமும் சொல்லி அனுப்புங்கள். பல நாள் வராமல் போன பிள்ளை, பிறர் அறியாத ஒன்றைக் கொண்டுவந்த பிள்ளையாக வகுப்புக்குள் நுழையட்டும்.

அடுத்த முறை வரும்போது, மருத்துவக் கோப்புடன் ஒரு சீட்டுக்கட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து புறப்படும் முன் 36 சீட்டுகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம்.